எட்டு எழுத்தும் ஒரு வருஷமும்

ஜமுனாமரத்தூர்
14-6-2025

அன்பு மகள் கல்பனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மூன்று ஆடுகளும் சுகம். புனேயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டப்போகிறேன். போனில் திட்டினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, நீயும் தப்பித்துக்கொள்கிறாய்.

புதிதாகக் கம்ப்யூட்டர் கற்பவர்களுக்கு நீ பாடம் எடுத்துப் போடும் வீடியோ நல்ல காரியம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன சந்தை நாளில் சாமை மூட்டை ஏற்ற வண்டி கொண்டுவந்த அசோக்குமார், "அக்கா, உன் பொண்ணு போன்ல வந்துக்குது பாரு" என்று எல்லோருக்கும் நடுவில் போட்டுக் காட்டினானே, அதில் என்ன சொன்னாய் நீ? எங்க அம்மா மகளிர் குழுவோட சாமை மெஷின் கொட்டகையில கம்ப்யூட்டர் பாக்குறாங்க, அவங்க பாஸ்வேர்டு எங்க அண்ணன் பேரும் பொறந்த வருஷமும், பத்து செகண்டுல உடைச்சிடலாம் என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொல்லி, கலகலவென்று சிரித்தாய். கொட்டகையே சிரித்தது. சாமை புடைத்துக்கொண்டிருந்த சசிகலா, "இன்னாக்கா, பூட்டப் போட்டுட்டு சாவியக் கதவுலயே தொங்கவுட்டுக்கினியா" என்று கேட்டாள். அவள் நேற்று வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளுக்கு என்ன தெரியும். உனக்குத் தெரியுமே. செத்துப்போன பிள்ளை என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். பாஸ்வேர்டைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவள் நீதானே, பெற்ற தாயின் பாஸ்வேர்டை மட்டும் ஊர் உலகத்துக்கே சொல்லலாமா? ஒருத்தர் டைப் அடிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கக் கூடாது என்கிறாயே, பொங்கலுக்கு வந்தபோது என் தோளுக்குப் பின்னால் நின்றவள் யாராம்? நான் ஒன்றும் தெரியாதவளா? வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை முதல் வாரமே மாற்றியவள் நான். வாங்கும்போது வந்ததை அப்படியே விட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்கூட உள்ளே வந்துவிடுவான் என்று குழுத் தலைவி மாதம்மாளுக்கே நான்தான் விளக்கினேன். கரண்ட் கட் ஆகிவிடும், இந்த லிங்கைத் தொடு என்று மெசேஜ் வந்தபோது தொடாமல் அழித்தேன். ஓடிபி கேட்டவனை நான் கேட்ட கேள்வியில் அவனே போனை வைத்துவிட்டான். டீ குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவேன். அந்த ஒன்றுதான் தப்பு, தப்பென்று தெரிந்தேதான் வைத்திருந்தேன்.

அப்போது உனக்கு இரண்டு வயது. காய்ச்சலோடு உன் அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு போளூர் பஸ் ஏறினோம், பஸ் மலை இறங்குவதற்குள் போய்விட்டான். ஐந்து வயது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா தாங்கமாட்டார் என்று இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டபோது இங்கிலீஷ் எழுத்து எது எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி நான் முதலில் அடித்தது அவன் பெயரைத்தான். எட்டு எழுத்து. தினம் காலையில் கொட்டகையைத் திறந்ததும் அதை அடிப்பேன், பெட்டி திறக்கும். திரையில் வெறும் புள்ளிகள்தான் வரும், என்னவென்று எனக்கு மட்டும் தெரியும். அதைப் போய் வேடிக்கையாக்கிவிட்டாயேடி.

மாதம்மாள் அன்றைக்கே, "பாஞ்சாலி, ஒடனே மாத்து, இல்லன்னா வேற ஆள உக்கார வெக்கிறேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மாற்றிவிட்டேன், நீ சொல்கிற மாதிரியே நீளமாக, யார் பெயரும் இல்லாமல். என்னவென்று உனக்குச் சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் விரல் பாட்டுக்குப் பழையதையே அடித்தது. தவறு என்று சிவப்பில் வந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை அடித்தேன், அப்போதும் தவறு. இனி அவன் பெயரை எழுத எனக்கு ஓர் இடமும் இல்லை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வீடியோவை அப்பாவும் பார்த்துவிட்டார். பெயர் காதில் விழுந்ததும் தட்டைத் தள்ளிவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். உன்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் போனை எடுத்துக்கொண்டு வந்து, "பாப்பா அந்தப் பேரச் சொல்லுச்சே, அத இன்னொரு தபா போடு" என்றார். மூன்று தடவை போடச் சொன்னார். நீ சிரிக்கிற இடம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் கடிதம் கண்டவுடன் அந்த வீடியோவை எடுத்துவிடு. எடுப்பதற்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டி அப்பா போனுக்கு அனுப்பு. சிரிப்பு அதில் இருக்கக் கூடாது, மறந்துவிடாதே. மழையில் நனையாதே. எவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், வேடியப்பன் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோகுல்ராஜுக்கும் உனக்கும் அம்மா,
பாஞ்சாலி