அடிக்கட்டையின் மேல்துண்டு

ஜூலை 12, ஞாயிறு. மாயாபந்தர், அந்தமான்.

பாராடாங் தீவிலிருந்து அண்ணன் வந்திருக்கிறார். காலையில் நான் விறகு பிளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "கட்டை உனக்கு ஒசரம் தங்கச்சி. கோடாலிக்கு வேகம் வர்றதுக்குள்ள பட்டுடுது" என்றார். உண்மைதான். அந்தப் படாக் மரத்து அடிக்கட்டை என் வீட்டுக்காரர் தன் உயரத்துக்கு அறுத்துப் போட்டது. சுனாமியில் அவர் போன பிறகு நாலரை வருஷமாக நான் அதில்தான் பிளக்கிறேன்.

படகு ஜெட்டிக்குப் போய் மீன் வாங்கி வருவதற்குள் அண்ணன் ஒரு சாண் அறுத்துவிட்டார். அடியில் அறுத்திருக்கலாம். மேல்பக்கம் குழிந்து கிடக்கிறதென்று மேலே அறுத்திருக்கிறார். வீட்டுக்காரரின் கோடாலி விழுந்து விழுந்து ஆன குழி அது. அந்தத் துண்டையும் நாலாகப் பிளந்து அடுப்படியில் வைத்திருந்தார்.

"இனிமே கஷ்டமில்ல. டீக் ஹை, சரிதானே?"

"டீக் ஹை" என்றேன். வேர்த்து நிற்கிற மனுஷனிடம் வேறென்ன சொல்ல.

வீட்டுக்காரரின் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க எதுவும் இல்லாமல் போனது. இன்றைக்குக் குழம்பை இறக்கிய பிறகும், அந்த நாலு துண்டும் சாம்பலாகும்வரை நான் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.