ஸ்ரீவில்லிபுத்தூர் டீமின் வலது பக்கம்

16 ஜனவரி 1938, ஞாயிறு
ராஜபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் புட்பால் பழகுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் கேப்டன் சுயம்புலிங்கத்தின் உத்தரவு. என்னைப்போலக் கோலில் நிற்பவன்தான் எதிராளியை நன்றாகப் பார்ப்பானாம். மூன்று வருடமாகக் கோப்பை அவர்களிடம்.

என்ன ஆட்டம் அது! இடது பக்கம் கருத்தப்பாண்டி, பந்தைக் காலோடு ஒட்டிவைத்தவன்போல ஓடுகிறான். பின்னால் சமுத்திரம் என்று ஒரு நெட்டையன். அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வலது பக்கம்தான் சொத்தை. அங்கே ஒரு தொந்திக்காரர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

17, திங்கள்
அவர்கள் வலது பக்கம் பயமில்லை, எல்லோரும் கருத்தப்பாண்டியைப் பிடியுங்கள் என்று சொன்னேன். சுயம்புலிங்கம் முதுகில் தட்டினான்.

22, சனி
அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். வேவு என்பது சாக்கு. கருத்தப்பாண்டியை இன்னொரு தரம் பார்க்க ஆசை.

வலது பக்கம் வேறொருவன் நின்றான். ஒல்லி. வெறுங்கால். பந்து வந்ததும் ஒரு கணம் சும்மா நிற்கிறான், எதிரே வருகிறவன் தடுமாறுகிறான், அதற்குள் பந்து கோலுக்குள்! எந்தக் காலால் அடிப்பான் என்று கடைசிவரை தெரியவில்லை. தூர நின்ற எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

சமுத்திரம் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கோபப்படவில்லை, கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். “வேவு பாக்கணும்னா ஞாயித்துக்கெழமையா வாரது? அன்னைக்கி ஜெபதுரை பந்தத் தொடவே மாட்டானே” என்றான். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு இந்த வருடம்தான் ஊர் திரும்பியவனாம். வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள், ஞாயிறு ஓய்வுநாள், கோயிலைத் தவிர எங்கும் போகமாட்டான்.

எங்களுக்கு ஞாயிறுதான் விளையாட்டு நாள். எனக்கு இது தோன்றவே இல்லையே. மடையன் நான்.

24, திங்கள்
சுயம்புலிங்கத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கோப்பைக்கான ஆட்டம் பிப்ரவரி ஐந்து, சனிக்கிழமை. எங்கள் ஊரில் நடப்பதால் தேதி எங்கள் கையில். ஒரு நாள் தள்ளி ஞாயிறு என்று வைத்தால் ஜெபதுரை வரமாட்டான். “கோப்ப நமக்குத்தாம்லே” என்கிறான்.

25
நான் பார்த்துவிட்டு வந்தது இதற்கா?

28, வெள்ளி
சுயம்புலிங்கத்திடம் சொல்லியே விட்டேன். “ஞாயித்துக்கெழம வச்சா நான் நிக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ.”

வேறு ஆள் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். துரோகி என்றான். எதிராளி கொடுத்த கலரைக் குடித்தவன் என்றான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தக் கோப்பையை ஒரு தரம் கையில் வாங்க வேண்டும் என்று எத்தனை நாளாகக் கிடந்து தவிக்கிறேன். ஆனால் ஜெபதுரை இல்லாமல் — அது என்ன ஜெயிப்பு?

30, ஞாயிறு
சனிக்கிழமையே என்று சுயம்புலிங்கம் அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டானாம். மற்றவர்கள் சொன்னார்கள். என்னோடு அவன் பேசவில்லை.

5 பிப்ரவரி, சனி
தோற்றோம். இரண்டுக்கு ஒன்று.

இரண்டும் ஜெபதுரை அடித்தது. முதல் கோலை நான் பார்க்கவே இல்லை, திரும்பினால் பந்து பின்னால் கிடக்கிறது. இரண்டாவது என் விரலில் பட்டுத்தான் போனது. இன்னும் எரிகிறது. எங்கள் ஊர்ச் சனம் எழுந்து நின்று கைதட்டியது, அவன் அடித்த கோலுக்கு! எனக்கு அழுகையாக வந்தது. பாவி, எப்படி ஆடுகிறான்!

6, ஞாயிறு
காலையில் சுயம்புலிங்கம் பந்தோடு வாசலில் வந்து நின்றான். “அடுத்த வருசமும் சனிக்கெழமையே வச்சிருவோம்லே” என்றான். அப்புறம், “வா, நான் அடிக்கேன், நீ நில்லு.”

பத்து மணி வரை வலது பக்கத்திலிருந்து ஜெபதுரை மாதிரி அடித்து அடித்துப் பார்த்தான். ஒன்றுகூட அப்படி வரவில்லை.