பதினோராவது பெட்டி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சுதான் குறைந்தபாடில்லை.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, கட்டில்ல படுக்க எடமில்ல. ஒன்பது வீடியோ கேம் பெட்டிய அடுக்கி வச்சிருக்கார். ஒன்பதும் ஒரே மாதிரி மஞ்சப் பெட்டி" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பழைய கேம் பெட்டி சேர்க்கிறாய் என்று தெரியும். நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று நினைத்தாலும் வாய் திறக்கவில்லை. சீட்டாட்டம், குடி என்று போகாமல் கேசட்டோடு கிடக்கிறானே என்று விட்டுவிட்டேன். ஆனால் உலகத்தில் எத்தனையோ பெட்டி இருக்க, ஏன் அந்த மஞ்சள் பெட்டி? இரண்டு வருடம் ஓடி இழுத்து மூடிய கம்பெனி அது. அங்கே போர்டில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும் வரிசையில் உட்கார்ந்து, கடைசியில் வேலை தெரியாதவள் என்ற பட்டத்தோடு உன் அக்கா வெளியே வந்தது உனக்குத் தெரியாததா?

இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். பில் போடுவேன், ஃபிரேம் எடுத்துக் காட்டுவேன். ஒரு பொடி ஸ்க்ரூ கழன்று வந்தால்கூட தொடமாட்டேன், ஃபிட்டர் பக்கம் தள்ளிவிடுவேன். என் கை மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. அதை மறந்து ஒருவழியாக இருக்கிறேன். நீ என்னடாவென்றால் அதைத் தேடித் தேடி வாங்கிக் கட்டிலில் அடுக்குகிறாய்.

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ மழுப்பிவிடுவாய். எழுது.

கோபமும் பாசமும் சரிபாதியாக,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை இன்னும் கூடுதலாக வலித்தது. மாமாவின் பேச்சு குறையாதது நல்ல செய்திதான், அது நின்றால்தான் நான் பயப்படுவேன்.

மழுப்பாமல் சொல்கிறேன். நான் மஞ்சள் பெட்டி சேர்க்கவில்லை, உன்னுடைய பெட்டிகளைத் தேடுகிறேன். மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை இருக்கும் இல்லையா, அந்தப் போர்டில் சால்டர் வைத்தவரின் நம்பர்? உன் நம்பர் நாற்பத்தொன்று. ஒன்பதில் நான்கு உன்னுடையவை.

ஒன்று பழைய சாமான் கடையில் உடைந்த மிக்சிகளுக்கு அடியில் கிடந்தது. ஒன்று முடிதிருத்தும் கடையில், சீப்பு வைக்கும் பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று, வீடு காலி செய்கிறவர்கள் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்தது. வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது, நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நாலாவதுக்காக ஒரு கல்யாணத்தில் பாதியில் எழுந்து போனேன், அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

நான்கும் ஓடுகின்றன அக்கா. தூசி தட்டி, அடாப்டர் மாட்டினேன், உடனே படம் வந்தது. உன் போர்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஈயம் ஒவ்வொரு கம்பிக் காலிலும் ஒரே அளவு, ஒன்றில்கூட வழிசல் இல்லை. இணையத்தில் இருக்கும் எங்கள் சேகரிப்பாளர் குழுவில் ஒருவர் பெட்டி விற்கப் போட்டால் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "நாப்பத்தொண்ணா?" அது யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.

உன் கையைக் கண்டு பெருமைப்படும்,
தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாணத்தில் பாதியில் எழுந்து போனதற்கு என் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்.

நீ எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி இருந்தது அந்தச் சந்தோஷம். காலையில் எழுந்து பல் துலக்கும்போது புத்தி வந்துவிட்டது.

ஓடுகிற நான்கைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஓடுகிற பெட்டிக்காகவா என்னை வெளியே அனுப்பினார்கள்? முந்நூறு பெட்டி பழுதாகித் திரும்பி வந்தது. அதில் மற்ற எல்லா நம்பரையும்விட நாற்பத்தொன்றுதான் அதிகம். மேனேஜர் அத்தனை பெண்களையும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னை முன்னால் கூப்பிட்டார். இரண்டு கையையும் நீட்டு என்றார். நீட்டினேன். "எல்லாரும் பாத்துக்கங்க, கம்பெனிய முழுகடிச்ச கை இதுதான்" என்றார். அப்போது எனக்கு இருபது வயது. கையை எப்போது கீழே இறக்குவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆகவே எனக்கு ஆறுதல் வேண்டாம். முடிந்தால் திரும்பி வந்த பெட்டிகளைக் கண்டுபிடி. அவற்றைத் திறந்து பார். தப்பு என் கையில்தான் என்றால் அதையும் எழுது. இருபத்தெட்டு வருடமாகத் தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். கட்டிலைக் காலி பண்ணு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. கட்டிலையும் காலி செய்துவிட்டேன், பெட்டிகள் இப்போது துணி அலமாரியில். துணிகள் கட்டிலில்.

குழுவில் ஒரு விளம்பரம் போட்டேன். "மஞ்சள் பெட்டி வேண்டும். ஓடாததாக இருக்க வேண்டும்." எல்லாரும் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அபூர்வமான பெட்டியை, அதுவும் ஓடாததாகப் பார்த்துக் கேட்கிற ஆளை அவர்கள் கண்டதில்லை. ஐந்து வாரம் ஒரு பதிலும் இல்லை. போன வாரம் ஒரு பெண் எழுதினார். அவருடைய அப்பா அந்தக் கம்பெனிக்கு ரிப்பேர் பார்த்த மெக்கானிக்காம், வீட்டில் பெட்டிகள் கிடக்கின்றனவாம்.

போனேன். மெக்கானிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, ஞாபகம் கத்தி மாதிரி இருக்கிறது. திரும்பி வந்ததில் நாற்பத்தொன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கும்படி மேனேஜர் சொன்னாராம். வந்து பார்ப்பதாகவும் சொன்னாராம். கடைசி வரைக்கும் வரவேயில்லை. வீடு மாறும்போது பெரும்பாலானதை எடைக்குப் போட்டுவிட்டார், பதினொன்று மட்டும் பரணில் தங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் அவர் அன்றைக்கே கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது, என்ன பழுது என்று.

ஏன் நாற்பத்தொன்று மட்டும் அதிகமாகத் திரும்பியது என்று அவர் காதருகே கத்திக் கேட்டேன். அவர் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மத்த பொண்ணுங்க ரெண்டு போடறதுக்குள்ள அந்தப் பொண்ணு மூணு போட்டுரும்னு சொல்வாங்க. அதிகம் போட்டா அதிகம் திரும்பத்தானே செய்யும்?" என்றார். இது நம் யாருக்கும் தோன்றாமல் போனதே அக்கா.

பதினொன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீட்டை நம்பி மட்டும் எழுத மாட்டேன், நானே திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பதைப்போடு,
தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

பத்துப் பெட்டிகளையும் திறந்தேன். பத்திலும் ஒரே பழுது. கரன்ட் உள்ளே வரும் இடத்தில் இருக்கிற கண்டன்சர் வெடித்திருக்கிறது. மெக்கானிக்கின் சீட்டிலும் பத்து இடத்தில் அதையே எழுதியிருக்கிறார், "கண்டன்சர் மட்டம், புதுசு போடவும்" என்று. ஓடுகிற உன் பெட்டிகளில் வேறு நிறக் கண்டன்சர் இருக்கிறது. கம்பெனி நடுவில் மலிவான சரக்குக்கு மாறியிருக்கிறது. பழியை உன் கையில் போட்டுவிட்டது.

உன் ஈயம் ஒன்றுகூட விடவில்லை அக்கா. கண்டன்சர் வெடித்துக் கரியான இடத்திலும் நீ வைத்த ஈயம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் அழுதேன். என் மனைவி வந்து எட்டிப்பார்த்தாள், பெரிய விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது என் வகுப்பில் ஒருத்தன் வீட்டில் மஞ்சள் பெட்டி இருந்தது. எங்க அக்கா செஞ்சதுடா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது நின்றுபோனதும் அவன், "உங்க அக்கா கை வச்சதுதானே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "எங்க அக்கா அங்க வேலையே பாக்கல" என்று சொல்லிவிட்டேன். உன்னை இல்லை என்று சொன்ன வாய் இது. இந்தத் தேடலெல்லாம் அதற்காகத்தான்.

குழுவின் பக்கத்தில் இதையெல்லாம் விவரமாக எழுதட்டுமா? நாற்பத்தொன்று யார், என்ன நடந்தது என்று? நீ சரியென்றால் மட்டும்.

தலை நிமிர்ந்து,
தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

உட்காரச் சொன்னாய், நான் கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு வாடிக்கையாளர் ஃபிரேம் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து, "எனக்கு இது அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவே சிரித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், வாங்கிப்போனார்.

மாமாவிடம் முதல்முறையாக அந்த மேனேஜர் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நீ வகுப்பில் சொன்னது எனக்கு அந்த வாரமே தெரியும். அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்து சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறென்ன செய்வான் என்று அன்றைக்கே விட்டுவிட்டேன், நீயும் விடு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 2 கடிதத்தில் பதினொன்று என்று எழுதினாய். ஏப்ரல் 10 கடிதத்தில் பத்து. ஒரு பெட்டி எங்கே போயிற்று?

இதற்காகத்தான் உன்னை எழுதச் சொல்வது. பொய் சொல்லி என்னை நல்லவளாக்க நினைக்காதே. அது எனக்கு வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டிக்கொண்டேன்.

பதினோராவது பெட்டியில் கண்டன்சர் நன்றாக இருக்கிறது. கேசட் சொருகும் இடத்தில் ஒரு காலில் ஈயம் பிடிக்கவில்லை. சீட்டில் மெக்கானிக் "டிரை சால்டர்" என்று எழுதியிருக்கிறார். முத்திரை உன்னுடையதுதான், தேதியும் இருக்கிறது. தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது எனக்குக் காய்ச்சல் வந்து நீ ராத்திரியெல்லாம் விழித்திருந்த வாரமாக இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் ஒரு கால் விட்டுப்போயிருக்கும். பத்துக்கு ஒன்று எந்த ஊர்க் கணக்கிலும் குற்றமில்லை. அதை உனக்குச் சொல்லி, வந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

என்மேல் கோபமா? அந்த ஒரு புள்ளியை நான் சரி செய்துவிடட்டுமா? இரண்டு நிமிட வேலைதான்.

தலை குனிந்து,
தம்பி


மே 5

தம்பிக்கு,

அதைத் தொடாதே. அப்படியே பார்சல் கட்டி எனக்கு அனுப்பு.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. எனக்கு வந்த புடவைகூட இத்தனை துணி சுற்றி வந்ததில்லை.

ஒரு வாரம் அதைத் திறக்கவில்லை. பிறகு எங்கள் கடைக்குப் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் போய் சால்டரிங் அயர்ன் கேட்டேன். "என்ன ரிப்பேர்க்கா, குடுங்க நான் பாக்கறேன்" என்றார். நான்தான் பார்க்கணும் என்றேன். அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, எப்படியும் சுட்டுக்கொள்ளப் போகிறாள் என்ற முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

போர்டைத் திருப்பினேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் புள்ளிதான், சந்தேகமே இல்லை, வெளுத்துப்போய், ஓரம் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு உனக்குக் காய்ச்சலும் இல்லை, எனக்குத் தூக்கக் கலக்கமும் இல்லை. நீ அந்த வருடம் முழுக்கக் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாய். பக்கத்து இருக்கைக்காரி ஏதாவது ஜோக் சொல்லியிருப்பாள், நான் சிரித்துக்கொண்டே வைத்திருப்பேன். என் தப்புக்கு நீ சாக்குத் தேடித் தராதே. பத்து என் தப்பில்லை, ஒன்று என் தப்பு. முந்நூறும் என்னுடையது என்று சுமந்தவளுக்கு இது ஒன்றும் கனமில்லை. உன்மேல் கோபம் பெட்டி வந்த அன்றே போய்விட்டது.

முதல் தடவை ஈயம் அதிகமாகி வழிந்தது. பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். காலைச் சூடாக்கி, ஈயத்தைத் தொட்டு, அயர்னை எடுத்துவிட்டு, ஊதாமல் தானாக ஆறும்வரை காத்திருந்தேன். புள்ளி பளபளவென்று உட்கார்ந்தது. ரிப்பேர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வேலை பாத்தீங்கக்கா?" என்றார். இந்தக் கேள்வியை இத்தனை வருடம் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறேன். கம்பெனி பெயரைச் சொன்னேன், வருடத்தையும் சொன்னேன், வரிசையிலேயே வேகமான கை என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்சம் அலட்டலாகத்தான் சொன்னேன்.

டிவியில் படம் வந்தது. ஒரு குட்டி மனிதன் குழி குழியாகத் தாண்டி ஓடுகிறான், இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது. மாமா மூன்றாவது குழியிலேயே விழுந்துகொண்டிருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே போகிறது. இந்தப் பெட்டியைத் திருப்பித் தருவதாக இல்லை, உன் கணக்கில் ஒன்று குறைத்துக்கொள்.

குழுவின் பக்கத்தில் எழுதட்டுமா என்று கேட்டாயே, எழுது. கண்டன்சர் கதையை எழுது. பத்தையும் எழுது, பதினோராவதையும் எழுது, ஒன்றையும் மறைக்காதே. ஆனால் நாற்பத்தொன்று என்று போட்டுவிட்டு நிறுத்திவிடாதே. அது அவர்கள் எனக்குக் கொடுத்தது. கீழே என் பெயரைப் போடு. முழுதாக, அப்பாவின் இனிஷியலோடு.

உன்
அக்கா