பிரேக்குக்குத் தோல் தைத்த கார்

1924 நவம்பர் 6, வியாழன். பதுளை.

நமுனுகுல தோட்டத்து முனியாண்டியின் மனைவிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி. மருத்துவச்சி கைவிட்டுவிட்டதால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் பழைய காரைக் கேட்டு வந்தான். மறுக்க மனம் வரவில்லை.

பிரேக் பட்டை முன்பே தேய்ந்திருந்தது. கொழும்பிலிருந்து புதியது வரவழைக்க வசதியில்லாமல், தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டை வெட்டி நானே தைத்துப் போட்டிருந்தேன். பதுளைத் தெருவில் நன்றாகத்தான் நின்றது. இன்று அவளையும் முனியாண்டியையும் அவன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வந்தபோது மலையிறக்கத்தில் தோல் கருகி நாறியது. எவ்வளவு மிதித்தும் கார் நிற்கவில்லை. மண்மேட்டில் மோதித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. முன் அச்சு வளைந்துவிட்டது.

"இனி ஓடாதுங்களா மொதலாளி?" என்றான் முனியாண்டி.

"ஓடாதுப்பா. பின் சீட்டைக் கழட்டித் தாறேன். அதுல படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போவோம்."

அவனும் அவன் அண்ணனும் முன்னால் பிடிக்க, நான் பின்னால் பிடித்தேன். மழை கொட்டியது. அந்தப் பெண் கத்துவதை நிறுத்திய பிறகு நடையை இன்னும் வேகமாக்கினோம்.

அந்தி சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். பிள்ளை இறந்தே பிறந்தது. தாயைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

புறப்படும்போது முனியாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். "இவ எந்திரிச்சதும் ஒங்க கார்லயே லயத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோமுங்க. அதுக்குள்ள சரி பண்ணிருவீங்கல்ல?"

பண்ணிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அச்சுக்கு நான் எங்கே போவேன்? அவளும் எழுந்திருக்க வேண்டுமே, யா அல்லாஹ்.