தொள்ளாயிரம் கிராம் டென்ட்

ஆக. 13, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஓண லீவுக்கு வாகமண் மலை வரை சைக்கிள், இரண்டு ராத்திரி டென்டில். இந்தத் தடவை இவரோடு நானும். ஆறு மாதமாகத் தினம் காலையில் ஃபோர்ட் கொச்சி வரை ஓட்டிப் பழகியது இதற்குத்தான்.

இவர் மூன்று வாரமாக டென்ட் தேடுகிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து துணி மாற்ற முடியவேண்டும். வழியில் எனக்கு வேறு இடம் ஏது? தலையாட்டினார்.

ஆக. 16, சனி

டென்ட் வந்தது. 900 கிராம். மொட்டைமாடியில் போட்டோம். சிமெண்டில் ஆணி இறங்காது, நாலு மூலைக்கும் செங்கல். அப்புறம்தான் தெரிந்தது, உள்ளே நிறுத்தும் கம்பியே இல்லை. மலை ஏறுகிறவர்கள் கையில் இருக்கும் ஊன்றுகோலை வைத்து நிறுத்துவார்களாம். சைக்கிள்காரருக்கு ஏது ஊன்றுகோல்? மாப் கம்பை வைத்தார். மாப்பைக் கட்டிக்கொண்டு வைட்டிலா ஜங்ஷனைத் தாண்டுவதை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உள்ளே போனேன். உட்கார்ந்தால் தலை இடிக்கிறது. துணி மாற்றுவதென்றால் படுத்துக்கொண்டுதான். பத்து நிமிடத்தில் புழுக்கம், டென்டின் ஈரத்துணி தோளில் ஒட்டியது. நிமிர்ந்து உட்காரும்படி இன்னொன்று இருக்கிறது, கம்பியோடு 2 கிலோ 200. போனில் காட்டினேன்.

"ஒரு கிலோ முந்நூறு கூடுது கலா. ஏத்தத்துல தெரியும், கேட்டோ."

ஆக. 17, ஞாயிறு

எரிச்சல். நாள் முழுக்க எடைப் பட்டியல். பல் பிரஷ் காம்பை அறுத்தார். என் இரண்டாவது நைட்டி பட்டியலிலிருந்து வெட்டு. சீப்பைப் பாதியாக உடைக்கலாமா என்று கேட்டார், நிஜமாகவே.

சாப்பிடும்போது: "கஷ்டம்னா நீ இந்தத் தடவை வீட்ல இரு. அடுத்த தடவை பாக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். அழுகை வந்தது. குழம்பு காரம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஆக. 18, திங்கள்

இவர் வேலைக்குப் போனதும் இவருடைய சைக்கிள் பையைக் கொட்டினேன். சமையலறைத் தராசு. பையின் அடியில், கேமரா வைக்கிற ட்ரைபாட். 1 கிலோ 350. பட்டியலில் தேடினேன். என் சீப்பு இருக்கிறது, 18 கிராம். ட்ரைபாட் இல்லை.

சாயங்காலம் சாயா கொடுத்தேன். பக்கத்திலேயே தராசு, அதன்மேல் ட்ரைபாட். ட்ரைபாடை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தார், அதே 1 கிலோ 350.

"நம்ம ரெண்டு பேரையும் சேத்து போட்டோ எடுக்கத்தான்," என்றார்.

"அதுக்கு நான் வரணுமே," என்றேன்.