பதினான்கு பெட்டிகள்

மார்ச் 9, 2022
ரெஜ்ஜோ நகரத்திலிருந்து கோர்ட் ஆட்கள் வந்து வீடு, லாரிகள் எல்லாவற்றையும் ஜப்தி செய்தார்கள். தோப்பில் என் தேனீப் பெட்டிகளின் மூடிகளுக்கும் சீல். பதினான்கு. குற்றத்தில் சம்பாதித்தவை அல்ல என்று நாங்கள்தான் காட்ட வேண்டுமாம். ‘அது என்னுது’ என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா சிறைக்குப் போய் ஐந்து மாதம். நான் பள்ளியை விட்டும் அவ்வளவே.

மார்ச் 12
முதல் தேனீக் கூட்டம் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் தொங்கியது. பன்னிரண்டு வயதில் தலையணை உறையில் பிடித்து வந்தேன். மற்றவை அதிலிருந்து பிரித்தவை. எனக்கு வயது போதாதென்று அப்பா தன் பெயரில் பதிந்தார். “யார் பேர்ல இருந்தா என்ன, தேன் உனக்குத்தானேடி.” சிரிப்பு வேறு.

மே 26
“பயப்படாதம்மா பிலொமேனா,” என்றார் வக்கீல் ஸ்கோர்தோ. “தப்புப் பண்ணாதவங்க பேச்சக் கேக்காம அவங்க சொத்த எடுக்கக் கூடாதுன்னு ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமைக் கோர்ட்டே சொல்லியிருக்கு.”
கோர்ட்டில் என் பேச்சைக் கேட்டார்கள்.
“யார்கிட்ட வாங்கினே?” என்றார் நீதிபதி.
“வாங்கலீங்க. அதுவா வந்துச்சு.”
“எங்கேருந்து?”
“கல்லறையிலேருந்து.”
பின்னால் சிரித்தார்கள். ரசீது கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோற்றுவிட்டோம். வெளியே அம்மா, “நாலு வார்த்த பேச வராதாடி உனக்கு?”
வராது. வந்திருந்தால் மட்டும்?

ஜூன் 3
ரொட்டிக்கடை பீனா: “எங்க கடைய உங்கப்பன் ஆளுங்க கொளுத்தினப்ப ரசீது கேட்டுட்டா கொளுத்தினானுங்க? உனக்காவது மேல்கோர்ட்டு இருக்கு. இந்தா, ரொட்டிய எடுத்துட்டுப் போ.”
நியாயம்தான். அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 18
தேனீக்களை உறிஞ்சும் உண்ணிக்கு மருந்து வைக்கும் நேரம்; விட்டால் குளிர்காலம் தாண்டாது. கோர்ட் வைத்த நிர்வாகியிடம் போய்க் கெஞ்சினேன். நானே போய்ப் பேசினேன்!
“சீல் வெச்சதத் தொட்டா கேஸு, பொண்ணே. பூச்சிதானே, அதுவா பொழச்சுக்கும்.”

நவம்பர் 6
மழை விட்டு வெயில். வேலிக்கு வெளியே நின்று எண்ணினேன். மூன்று பெட்டியில்தான் நடமாட்டம்.

பிப்ரவரி 14, 2023
மேல்கோர்ட்டில் ஜெயித்தோம். கல்லறைக் காவலாளி துரி மாமா சாட்சி. “ஏணியப் பிடிச்சதே நான்தாங்க. மூக்குல கொட்டுவாங்கினதும் நான்தான்.” இந்த முறை எல்லோரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். வீடும் லாரிகளும் போனது போனதுதான். பெட்டிகள் மட்டும் என்னுடையவை. வக்கீலுக்குக் கண் கலங்கியது.

மார்ச் 21
பெட்டிகளைத் திருப்பித் தந்தார்கள். முதல் மூடியைத் திறந்தேன். பூஞ்சை, அந்துப்பூச்சிக் கூடு, அடியில் கருப்பாய்ச் சருகுபோல் ஒரு கைப்பிடி செத்த தேனீக்கள். மற்றவையும் அப்படியே. நிர்வாகி ஒவ்வொன்றையும் பேனாவால் தட்டி எண்ணினார்.
“பதினாலு. சரியா இருக்கா?”
சரியாகத்தான் இருந்தது. பட்டியலில் ‘மரப்பெட்டி’ என்றுதானே எழுதியிருக்கிறது.
கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெட்டிகளுக்கு என் பெயரில் வந்த முதல் காகிதம்.