மேகம் இறங்கிய துளை

உப்புவெளி முகாம்,
பிப்ரவரி 9

அன்புள்ள சீசாக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் சளி பிடித்திருக்கிறது என்று எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் லேபுக்கு வரும் நாற்பது உப்புநீர் சீசாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறது. லாரிக்காரர் பெட்டியைத் தூக்கும்போதே, "சார், இதுல எது லேபுக்கு, எது வீட்டுக்கு?" என்று கேட்டுச் சிரிக்கிறார். இங்கே போன் எடுக்காததால் கடிதம் சுமக்கிற அவருக்குத்தான் கொண்டாட்டம்.

பருவம் தப்பி மழை வந்துவிட்டது. இந்த வெள்ளை வெளி முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடிபோல் அசைவே இல்லை. காலையில் நாலாம் ஆழ்துளைக்கு நடந்தேன். மேலேயும் மேகம், காலடியிலும் மேகம். எதில் கால் வைக்கிறேன் என்றே தெரியவில்லை. துளையில் இறக்கியிருக்கும் குழாயை ஒட்டி ஒரு சின்னச் சுழி. மேகம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்து அந்தச் சுழியில் சுற்றிச் சுற்றிக் காணாமல் போனது. பிறகு இன்னொன்று. எவ்வளவு நேரம் நின்றேனோ! போர் போடுகிறவர், "சார், கனவு கண்டது போதும், பம்பைப் போடலாமா?" என்று கத்திய பிறகுதான் உடம்புக்குள் திரும்பி வந்தேன்.

போன கோடையில் இந்த நிலத்தடி உப்புநீரில் லிட்டருக்கு அறுநூறு மில்லிகிராம் லித்தியம் இருந்தது. இந்த முறையும் அப்படியே வந்தால் என் அறிக்கை தேறிவிடும். சுரங்கம் வரும், அதைச் சுற்றி இங்கே ஒரு ஊரே வரும். நீயும் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், நினைவிருக்கட்டும். நம் வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசித்து வை.

உன்,
உப்புக்காரன்


பிப்ரவரி 25

அன்புள்ள உப்புக்காரருக்கு,

சளி போய்விட்டது. கேட்காததற்கு நன்றி. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் போகும்போது சுற்றிவிட்டுப் போன துணி இப்போது குழாயைவிட அதிகமாக ஒழுகுகிறது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன். லித்தியம் முந்நூற்றுப் பத்துதான். இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரியும் தனியாகப் போட்டாள். சீசாவின் மேல் எண் மட்டும்தானே இருக்கிறது, எது எந்தத் துளை என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நானூறுக்குக் கீழே போனால் எடுக்கும் செலவுக்கே கட்டாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். கையெழுத்திட்ட முடிவுத் தாள் பெட்டியின் அடியில் இருக்கிறது.

இங்கேயும் ஒரு செய்தி உண்டு, அது நேரில். ஜன்னலைப் பற்றி யோசித்தேன். ஒரு பக்கமும் தோன்றவில்லை.

சாப்பிடுகிறீர்களா?

உங்கள்,
சீசாக்காரி


மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

போன வருஷம் அறுநூறு கொடுத்த நிலம் இந்த வருஷம் எப்படிப் பாதியாகும்? நிலம் என்ன, ஆளுக்குத் தகுந்தபடி பேசுமா?

முந்நூற்றுப் பத்து என்று எழுதிக் கொடுத்தால் முகாமைச் சுருட்டச் சொல்வார்கள். ஆறு வருஷம் வெயிலில் காய்ந்தது உப்போடு உப்பாகப் போகும். உனக்கு இங்கே வர விருப்பமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அதற்கு என் சீசாக்களை ஏன் இழுக்க வேண்டும்?

வேறு எழுதத் தோன்றவில்லை.


மார்ச் 28

அன்புள்ள உப்புக்காரருக்கு,

வாயைத் திறந்தே சொல்கிறேன். எனக்கு அங்கே வர விருப்பமில்லை. அது ஒன்று. சீசா வேறு. எங்களைச் சோதிக்க அளவு தெரிந்தே கலந்து மூன்று சீசாக்களை நடுவில் ஒளித்து வைத்திருந்தீர்களே, அந்த மூன்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறேனா இல்லையா? தாளை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், இன்னும் நன்றாகக் கோபப்படலாமே என்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் கண் நின்றுவிட்டது. அந்த மேகமெல்லாம் சுழியில் சுற்றி எங்கே போயிற்று?

ஓடிப்போய் என் நோட்டைப் பார்த்தேன். லித்தியம் பாதி. பொட்டாசியமும் பாதி, மக்னீசியமும் பாதி. சாதா உப்பு மட்டும் குறையவே இல்லை. மழைத்தண்ணீர் மேலே கிடக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு குழாயோரமாக உள்ளே இறங்கியிருக்கிறது. நீங்கள் பம்பு போட்டு எடுத்தது பாதிக்குப் பாதி மழை. நான் சொன்ன எண் சீசாவுக்குச் சரி, உங்கள் நிலத்துக்குத் தப்பு. எல்லாத் துளையிலும் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். தண்ணீர் வற்றிய பிறகு புதிதாக எடுத்து அனுப்புங்கள். அதை நான் தொடமாட்டேன், பக்கத்து மேஜைக்காரி பார்ப்பாள்; தாளில் கையெழுத்து மட்டும் நான் போடுவேன்.

இதை எழுதாமலும் இருந்திருக்கலாம். முகாமைச் சுருட்டிக்கொண்டு நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். இரண்டு நாள் அந்த நினைப்போடுதான் நடமாடினேன், உங்களிடம் எதற்கு மறைக்க? ஆனால் ஏமாந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சொன்ன சொல் சொன்னதுதான். எண் தேறினால் வருகிறேன். ஜன்னல் எந்தப் பக்கமானாலும் சரி.

சீசாக்காரி


உப்புவெளி முகாம்,
ஜூன் 2

அன்புள்ள சீசாக்காரிக்கு,

நீ சொன்னபடி அடைத்துவிட்டுப் புதிதாக எடுத்து அனுப்பியதற்குத் தாள் வந்தது. அறுநூற்று ஐந்து. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன், உன் கடிதம் இல்லை. நான் எழுதிய எழுத்துக்கு இந்தத் தண்டனை தேவைதான்.

நான்கு நாளாகக் கணக்குதான். நீளம், அகலம், ஆழம், மண்ணுக்குள் எவ்வளவு நீர், பம்பு போட்டால் அதில் எவ்வளவு வெளியே வரும். இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மக்னீசியத்தைப் பிரிக்கிற செலவையும் கழித்துப் பார்த்துவிட்டேன். அப்படியும் இருபத்தைந்து வருஷத்துக்குத் தாங்கும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். போர் போடுகிறவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அறிக்கைக்குப் பின்னால் இணைக்க உங்கள் லேப் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். போன கோடைத் தாளில் உன் கையெழுத்துக்குக் கீழே 'ஆய்வாளர்'. பிப்ரவரியில் 'தலைமை ஆய்வாளர்'. அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் அப்படியே. நேரில் சொல்கிறேன் என்றாயே, அது இதுதானா? பதினான்கு வருஷம் அந்த மேஜையில் நின்றவளின் பெரிய செய்தி மூன்று மாதமாக என் கையில் இருந்திருக்கிறது. நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

உன்னைச் சந்தேகப்பட்டேன். பெரிய தப்பு. ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேனே தவிர, வீடு வேண்டுமா என்று ஒரு தரமாவது கேட்டேனா?

சுரங்கப் பொறுப்புக்கு வேறொருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் வந்து துளைகளைப் பார்த்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் வற்றிவிட்டது. மேகமெல்லாம் மேலேயே நிற்கிறது.

அடுத்த பெட்டியோடு லாரியில் நானும் வருகிறேன். வழக்கம்போல் நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். பதவியையும் கீழே முழுசாக எழுது. நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உன்,
உப்புக்காரன்